பச்சை வலை

அந்தக் குடியிருப்பில் பெயின்டருக்கு வைத்த பெயர் ‘நாளைக்கு’. மேல் சன்ஷேடுக்கு அடியில் எப்போது பெயின்ட் அடிப்பாய் என்று யார் கேட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். அங்கே தகைவிலான் குருவிகள் மண்ணைக் குழைத்துப் பதினொரு கூடு கட்டியிருந்தன. எல்லாவற்றிலும் குஞ்சுகள். சுற்று வட்டாரத்தில் மற்ற கட்டடங்களில் எல்லாம் தட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்.

குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று வாரம். அதுவரை கூடுகளைத் தட்ட வேண்டாம் என்று கேட்டு மனுஷன் வீடு வீடாக ஏறி இறங்கினார். ‘பெயின்டருக்கு எதுக்குய்யா பறவைப் பாடம்’ என்று கேட்டவர்களிடமும் பல்லைக் காட்டினார். ஒரு வழியாக எல்லோரும் தலையாட்டினார்கள், நாலாம் மாடி அம்மாவைத் தவிர. எச்சம் விழுவதும் கத்தல் கேட்பதும் அவருடைய ஜன்னலில்தானே. குடியிருப்புச் சங்கச் செயலாளரோ, “கூட்டுப் பக்கம் மட்டும் கடைசியில அடி. மத்த சுவரு நிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். மலையைப் புரட்டிவிட்ட மாதிரி இருந்தது பெயின்டருக்கு.

வெள்ளிக்கிழமை பழைய பெயின்டைச் சுரண்டத் தொடங்கினார். தூசி பறக்காமல் இருக்க மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தரைவரை, சாரத்தின் வெளிப்புறம் பச்சை வலையை இறுக்கிக் கட்டினார். இருபத்தாறு வருஷமாக எந்தக் கட்டடத்திலும் அப்படித்தான் கட்டுவார். கை தன் பாட்டுக்குக் கட்டிவிட்டது. சனி, ஞாயிறு லீவு.

திங்கட்கிழமை காலை நாலாம் மாடி அம்மா ஜன்னலைத் திறந்து முதல்முறையாகச் சிரித்தார்.

“தம்பி, ரெண்டு நாளா சத்தமே இல்ல. நிம்மதியா தூங்கினேன்பா.”

சாரத்தில் நின்ற பெயின்டர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். தாய்க் குருவிகள் வலைக்கு வெளியே, எதிர் கேபிளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சில அலகில் பூச்சியோடு வலையில் வந்து மோதின.

சுரண்டும் தகட்டாலேயே வலையைக் கிழித்தார். ஒவ்வொரு கூடாகக் காதை வைத்துக் கேட்டார். இரண்டில் மட்டும் ஈனஸ்வரத்தில் கீச்சு. மற்றவற்றில் விரல் விட்டால் குஞ்சுகள் சில்லென்று இருந்தன.

“ஏன்பா கிழிக்கற?”

“உள்ள குஞ்சுங்க பட்டினியில செத்துப் போச்சும்மா. வலையைக் கட்டினது நான்தான்.”

அந்த அம்மா ஜன்னல் வழியாக எட்டிக் கூடுகளைப் பார்த்தார். கீழே இருந்து செயலாளர் கத்தினார்: “அதான் செத்துப் போச்சே. எல்லாத்தையும் தட்டிட்டு இன்னைக்கே அடிச்சு முடி.”

“ரெண்டு கூட்டுல உயிர் இருக்கு சார்.”

“அப்ப வேற ஆளை வரச் சொல்றேன்.”

“எந்த ஆளும் வர வேணாம்,” என்றார் நாலாம் மாடி அம்மா. “என் ஜன்னல்கிட்ட யாரும் கை வைக்கக் கூடாது. அதுங்க பறக்கட்டும்.”

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெயின்டர் அந்தக் கதவை ஏழு முறை தட்டியிருந்தார். இப்போது அவருக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. குளிர்ந்துபோன ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, சாரத்தின் பலகையில் உட்கார்ந்து அழுதார்.