எதிர்க்கடையில் என் குரல்

திருப்பதியில் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே வண்டி நுழையாத ஒரு சந்து இருக்கிறது. மலையிலிருந்து இறங்கியவர்கள் ரயிலைப் பிடிக்க அதன் வழியாகத்தான் நடப்பார்கள். மார்கழிக் காலைப் பனியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் மட்டும் மஞ்சளாக மிதந்து வரும். உடம்பு பிறகுதான் தெரியும். சாமியைப் பார்த்துவிட்ட அசதியில் பாதித் தூக்கத்தில் நடந்து வருகிறவர்களை எழுப்பி, அந்தத் தலைகளில் தொப்பி மாட்டி அனுப்புவது என் பிழைப்பு. நகரியிலிருந்து விடிகாலை ரயிலில் மூட்டையோடு வந்து இறங்குவேன்.

எதிர்ப்பக்கம் இன்னொருத்தி. விஜயபுரத்துக்காரி, என்னைவிட இளையவள், அவளுக்கும் தொப்பி வியாபாரம்தான். இரண்டு பேருக்கும் சரக்கு போடுகிறவர் ஒருவரே என்பதால் அவள் தொப்பிக்கும் என் தொப்பிக்கும் நூலளவு வித்தியாசம் கிடையாது. தொண்டைதான் வித்தியாசம். வேட்டி கட்டிய விதத்தையும் கைப்பையையும் பார்த்தே ஆள் எந்தச் சீமை என்று மோப்பம் பிடித்து, அந்தப் பாஷையில் கூப்பிட வேண்டும். ரண்டி அண்ணா என்று தெலுங்கில் ஒரு குரல், பன்னி அண்ணா என்று கன்னடத்தில் ஒன்று, ஆயியே பையா என்று இந்தியில் ஒன்று. அவள் எங்கிருந்தோ மராட்டியில் நாலு வார்த்தை பொறுக்கி வந்தால், அடுத்த வாரமே நானும் கற்றுக்கொண்டு வந்து நிற்பேன். அவள் இடுப்பில் கைவைத்துச் சிரிப்பாள். அதெல்லாம் போட்டி. போட்டி போட்ட காலத்தில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பொறாமை வேறு. அது அவள் குரல்மேல் வந்தது. அவள் கத்தமாட்டாள், நீட்டிக் கூப்பிடுவாள், நடந்துகொண்டிருக்கிறவருக்கு வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல் இருக்கும், நின்றுவிடுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் குத்திப் பேசுவது. அந்தப் பக்கம் போனால் சாயம் ஒழுகிக் காதெல்லாம் நீலமாகிவிடும் என்று கூவுவேன். நாளாக ஆக, விற்பதற்காகக் கூவுவதை விட்டுவிட்டு அவள் குரலை அமுக்குவதற்காகவே கூவ ஆரம்பித்தேன். பனங்கற்கண்டு, இஞ்சி, தேன் என்று எதையாவது வாயில் அடக்கிக்கொண்டே அடிவயிற்றிலிருந்து கத்துவேன்.

ஒருநாள் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரல் போனது போனதுதான் என்று தெலுங்கில் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்துவிடலாம்தான். ஆனால் சந்தில் ஒருநாள் இடம் காலியாகக் கிடந்தால் மறுநாள் அங்கே வேறு யாராவது பாய் விரித்திருப்பார்கள். அதனால் பேசாமல் போய் உட்கார்ந்தேன்.

அந்த நாட்கள் தண்ணீருக்கடியில் இருந்ததுபோல் இருந்தன. தலைகள் மிதந்து வந்தன, என்னைப் பார்க்காமலே மிதந்து போயின. கடலைக்காய் வண்டியின் புகை எழுந்து கலைவதைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். நான் இங்கே இருக்கிறேனா என்றே சில நேரம் சந்தேகம் வரும். இனி அவள் காட்டில்தான் மழை என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. அவள் என்ன இழுத்துக் கூப்பிட்டாலும் ஒருத்தரும் நிற்கவில்லை. அவளே அலுத்துப்போய் மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள்.

அப்படி ஒரு காலையில்தான் நான் கூவுவதை நானே கேட்டேன்.

என் வாய் மூடியிருந்தது. ஆனால் சந்தில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி எழுத்தைச் சுளுக்கி முடிக்கும் அதே இழுப்பு, நடுவில் அதே செருமல். அந்தப் பக்கம் போனால் காதெல்லாம் நீலமாகிவிடும் என்றது. கனவா என்று தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். எதிரே அவள் முந்தானையை வாயோரம் மறைத்துக்கொண்டு, ஒரு தடவை அவள் குரலில் கூப்பிட்டாள். அடுத்த தடவை என் குரலில் தன் சரக்கையே வாய்க்கு வந்தபடி திட்டினாள். இரண்டு பக்கமும் சண்டை நடக்கிறது என்று நினைத்துக் கும்பல் நின்றது. பாதிப் பேர் திரும்பி என்னிடம் வந்தார்கள்.

என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கும்பல் கலைந்ததும் எழுந்து போய் அவள் முன்னால் நின்று, என் தொண்டையைத் தொட்டுக் காட்டி, என்ன இது என்று கையை ஆட்டினேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"கோச்சிக்காத க்கா. ஒரு வாய் கூவிக்கினு இருந்தா ஒருத்தனும் நிக்கமாட்டேங்கறான். ரெண்டு வாய் கூவுனாத்தான் எது சல்லிசுன்னு பாக்கறான். உனுக்காவ பண்ல, என் பொழப்புக்குத்தான் பண்றேன்."

அவள் சொன்னதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். இருந்தாலும் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. என்னைக் கூர்ந்து கேட்காமல் அந்தச் செருமல் அவளுக்கு வந்திருக்காது. அத்தனை வருஷமும் நான் அவளை அமுக்கக் கத்தியபோது அவள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மாதம் முடியும்வரை நான் வாய் திறக்காமல் விற்றேன்.

மாதம் முடிந்து வாயைத் திறந்தபோது வந்தது வேறு யாருடைய குரலோ. கரகரவென்று, அடித்தொண்டையில், ஆம்பளைக் குரல்போல. இனி இதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதை வைத்துக்கொண்டும் கூவுகிறேன், தலைகள் திரும்பத்தான் செய்கின்றன. எதிர்க்கடைக்காரி மட்டும் இந்தக் குரலைப் போட மறுத்துவிட்டாள், தொண்டை வலிக்கிறதாம். ஆள் நடமாட்டம் குறைந்த வேளைகளில் என் பழைய குரலையே எடுத்துவிடுவாள்.

சூளூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த என் மகள்தான் இதைத் தாங்கவில்லை. முதல் தடவை போனில் யார் பேசுவது என்று கேட்டாள். நான்தான் என்று தெரிந்ததும் தேம்பித் தேம்பி அழுதாள். அதற்கப்புறம் அவள் கூப்பிட்டாலே நான் ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

போன வாரம் கடையில் இருக்கும்போது கூப்பிட்டாள். அப்போது எதிர்க்கடைக்காரி என் பழைய குரலில் தன் தொப்பிகளை வைதுகொண்டிருந்தாள். போனை எடுத்துச் சந்துப் பக்கமாக நீட்டினேன்.

"ம்மா, கொரலு வந்துடுச்சா?" என்றாள்.

நான் போனை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தேன்.