மாடி வீட்டுப் போரும் என் மத்தியஸ்தமும்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் மாடிப்படி உள்ளே இருக்காது. வெளிப்பக்கம்தான் வைத்துக் கட்டுவோம். மார்கழி பிறந்தால் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு அதில் ஏறுவார்கள், பங்குனி வெயில் சுட ஆரம்பித்தால் இறங்கிவிடுவார்கள். எங்கள் மாடியும் அப்படித்தான். இரண்டு அறை, நடுவில் பொதுவாக ஒரு சமையலறை, முன்னால் மொட்டை மாடி, எதிரே அண்ணாமலையார் மலை. என் வீட்டுக்காரர் வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு, வீட்டிலிருந்தபடியே நான் பார்க்கும் உலகம் அந்த மாடிதான்.

அந்த இரண்டு அறைக்கும் பல வருஷமாக அதே இரண்டு பெண்கள்தான் வந்தார்கள். ஒருவர் ரஷ்யாக்காரர், அறுபதைத் தாண்டியவர், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் உக்ரைன்காரர், நாற்பது வயதிருக்கும், பல் டாக்டர். தனித்தனியாக வந்து இங்கே சிநேகமானவர்கள். தெரு அவர்களுக்குப் பெரியக்கா, சின்னக்கா என்று பேர் வைத்துவிட்டது. பௌர்ணமி தவறாமல் சேர்ந்து மலை சுற்றுவார்கள், அடி அண்ணாமலையில் உட்கார்ந்து சுக்குக்காபி குடிப்பார்கள், மறுநாள் பகல் முழுக்கத் தூங்குவார்கள். எழுந்ததும் பீட்ரூட் சூப் வைப்பார்கள். காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தால் தக்காளி, கத்திரிக்காயை எல்லாம் மறந்து பீட்ரூட்டை மட்டும்தான் கூவுவார். இருவரும் பேசிக்கொண்டது ரஷ்ய மொழி. இரண்டு பேரும் ஒரே நாடு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழும் கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். காரம் கம்மி, உப்பு ஜாஸ்தி, போதும், வேணாம். இதைத் தாண்டி நான் வலிந்து சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பெரியக்கா கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் "அம்மா, போறேன்" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

"போறேன்னு சொல்லாதீங்க. போய்ட்டு வரேன்னு சொல்லணும். நாங்களும் போய்ட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம்" என்றேன்.

அன்றிலிருந்து இருவரும் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் அதைச் சொல்லாமல் படி இறங்கியதில்லை.

ஒரு வருஷம் மாசியில் அங்கே, உக்ரைனில், சண்டை ஆரம்பித்தது. விடிந்து நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது மாடியில் அழுகைச் சத்தம். சின்னக்காவின் ஊரில் குண்டு விழுந்திருக்கிறது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார், சர்க்கரை நோயாளி.

தெரு தன் பாணியில் போரை நடத்தியது. டீக்கடையில் ரஷ்யா நமக்கு எப்போதும் தோஸ்து என்று ஒருவர், அதுக்காக அநியாயத்துக்குத் துணைபோக முடியுமா என்று ஒருவர். மளிகைக்கடைக்காரர் விலை ஏறிப்போன சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டை நீட்டி, "எங்கியோ குண்டு போட்டா நம்மூட்ல அப்பளம் பொரிக்க முடியல பாருங்கக்கா" என்றார். எதிர்வீட்டுக்காரி ஒருபடி மேலே போய், "உங்க மாடில யாரு ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டாள். அவளை அன்றைக்கு நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

மாடியில் யாரும் ஜெயிக்கவில்லை. சின்னக்கா ஒரு கரண்ட் அடுப்பு வாங்கித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார். ரஷ்ய மொழி இனிமேல் தன் வாயில் வராது என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். பெரியக்காவுக்கோ இங்கிலீஷ் நாலு வார்த்தை. அத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசிய இரண்டு பேருக்கு நடுவில் பேச ஒரு மொழி இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்வதற்குக்கூட என் ஓட்டை இங்கிலீஷ் படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. போரைப் பற்றிப் பெரியக்கா வாயே திறக்கவில்லை. ஃபோனில்கூட எதுவும் பேசிவிடாதே, ஊருக்கு வந்தால் பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று அவருடைய பையன் சொல்லியிருந்தாராம்.

எனக்கு இது பங்காளிச் சண்டையாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் வரப்புக்கும் கிணற்றுக்கும் வெட்டிக்கொள்ளாத பங்காளிகள் உண்டா? பெரியவர்கள் நாலு பேர் கூப்பிட்டு ஒரே பந்தியில் உட்கார வைத்தால் பாதி கோபம் இறங்கிவிடும். என் மாமனார் அப்படித் தீர்த்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வடை பாயசத்தோடு சமைத்து, இருவரையும் கீழே கூப்பிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டேன். சோற்றை வைத்துவிட்டு, என்னமோ பஞ்சாயத்துத் தலைவி மாதிரி, "யூ போத் சிஸ்டர்ஸ். ஈட்" என்றேன்.

சின்னக்கா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "அக்கா தங்கச்சி வீட்டின்மேல் யாரும் குண்டு போடமாட்டார்கள். இது சண்டையே இல்லை. எங்கள் வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். பெரியக்கா குனிந்த தலை நிமிராமல் வடையைப் பிட்டுக்கொண்டே இருந்தார்.

இலையிலிருந்து பாதியில் எழுந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வரை புலம்பித் தீர்த்தேன்.

"உன் மத்தியஸ்தத்த நம்ம ஊர் எல்லைக்குள்ள வச்சிக்க" என்றார் வீட்டுக்காரர். "வரப்பு வெட்டினவனும் வெட்டு வாங்கினவனும் ஒண்ணா?"

கோபம் வந்தாலும் அவர் சொன்னது ராத்திரி முழுக்க உறுத்தியது.

பங்குனி பிறந்ததும் சின்னக்காவின் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. குண்டில் இல்லை. மருந்து கிடைக்காமல். மகள் போகவும் வழியில்லை, முகம் பார்க்கவும் வழியில்லை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அழக்கூட இல்லை.

எங்களுக்குச் சாவு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கத்தார் ஆக்கிக் கொடுப்பார்கள். நான் உலை வைத்தேன். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் மொட்டை மாடியில் வரிசையாகப் போட்டேன்.

"செத்தது அங்க. சாவு வீடு இங்கியா?" என்றார் வீட்டுக்காரர்.

"பொண்ணு எங்க இருக்காளோ அதான் சாவு வீடு."

மீதி நாற்காலிகளை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

தெருவில் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள். வந்தவள் சின்னக்காவைக் கட்டிக்கொண்டு தன் சொந்த அம்மாவைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் சின்னக்காவும் உடைந்து அழுதார். எதிர்வீட்டுக்காரியை நான் என்னென்னவோ திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

சோற்றுப் பாத்திரம் எடுக்க நான் கீழே வந்தபோது பெரியக்கா படியில் உட்கார்ந்திருந்தார். தெரு ஜனம் மேலே ஏறத் தொடங்கியதும் அறையை விட்டு இறங்கி வந்துவிட்டாராம்.

"நான்... வேணாம்" என்றார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான் ரஷ்யா."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "நல்லதுக்குக் கூப்பிட்டாதான் போகணும். கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும். எழுந்திரிங்க" என்றேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது, கையைப் பிடித்து இழுத்ததும் எழுந்தார். ஒன்றே ஒன்றைக் கையை ஆட்டி ஆட்டித் தெளிவாகச் சொன்னேன். "ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காருங்க. கெளம்பும்போது போய்ட்டு வரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சாவு வீட்ல அதைச் சொல்லக்கூடாது."

அப்படியே செய்தார். கடைசி நாற்காலியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். சின்னக்கா ஒரு முறை பார்த்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இருட்டத் தொடங்கியதும் பெரியக்கா எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் தன் அறைக்குப் போனார்.

அதன்பிறகும் இருவரும் பேசவில்லை. சின்னக்கா மறுபடி பொதுச் சமையலறைக்கு வந்தார், ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் காத்திருப்பார், அவ்வளவுதான் மாற்றம். பங்குனிக் கடைசியில் பெரியக்கா ஊருக்குக் கிளம்பினார். சின்னக்காவுக்குப் போக இடமில்லை, அந்த வருஷம் எங்கள் கத்திரி வெயிலையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது. விமான நிலையத்துக்குப் போகிற கார் வாசலில் நின்றது. நான் பெட்டியை வாங்கிக்கொள்ள மாடிக்குப் போனேன். பெரியக்கா மூடியிருந்த எதிர்க்கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தட்டவில்லை. கீழே வந்து என்னைக் கட்டிக்கொண்டார், என் வீட்டுக்காரருக்குக் கும்பிடு போட்டார். எப்போதும் சொல்வதை மட்டும் சொல்லவில்லை.

கார்க்கதவைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மாடி இன்னும் சாவு வீடு என்று நினைத்துச் சொல்லாமல் போகிறார். அதெல்லாம் அன்னிக்கு மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே தினமும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இது சாவு வீடு இல்லையென்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். இந்த அம்மாளை இனிப் பார்க்கவே மாட்டோம் என்று தோன்றியது.

அப்போது மேலிருந்து குரல் வந்தது.

"போய்ட்டு வாங்க!"

சின்னக்கா. ரஷ்ய மொழியில் இல்லை, தன் மொழியிலும் இல்லை. நான் பால் பாக்கெட்டுக்கும் கொத்தமல்லிக்கும் சொல்லிக்கொடுத்த தமிழில்.

பெரியக்கா ஒரு காலைக் காருக்குள் வைத்தபடி அப்படியே நின்றார். மேலே பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தெருவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"போய்ட்டு... வரேன்."

கார் கிளம்பியது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். சின்னக்கா துணிக்கொடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கார் தெருமுனை திரும்பும்வரை அவர் உள்ளே போகவில்லை.