ராக்கெட் பெட்டியில் செய்த சாமி அலமாரி

எங்கள் வீட்டுச் சாமி அலமாரி, ராக்கெட் வந்த பெட்டியில் செய்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று இதுவரை வெளியில் சொன்னதில்லை. முன்பக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்து, உள்ளே முருகனும் அம்பாளும் இருக்கிறார்கள். பின்பலகையில் மட்டும் ராணுவத்துக் கறுப்பு எழுத்து இன்னும் அழியாமல் நிற்கிறது.

என் வீட்டுக்காரர் வடக்கே ஒரு ராணுவக் கிடங்கில் ஸ்டோர் வேலை பார்த்தார். புது ராக்கெட் அவர் கைக்கு வராது. ஆயுசு முடிந்த ராக்கெட்டும் ஏவுகணையும்தான் அவர் பொறுப்பு. மருந்து மாத்திரைக்கு இருக்கிற மாதிரி அதற்கும் ஒரு தேதி உண்டாம். தேதி போய்விட்டால் சுடக்கூடாது. தூக்கிப் போடவும் முடியாது, உள்ளே வெடிமருந்து இருக்கிறதே. வெயில் ஏறாமல், ஈரம் சேராமல் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு என்றைக்காவது மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். சிலவற்றில் மருந்தை எடுத்துவிட்டு சிமென்டை அடைத்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் தூக்கிப் பழகக் கொடுப்பார்கள். ஒன்றிரண்டுக்கு வெள்ளையடித்து வாசலில் அழகுக்கு நிறுத்துவார்கள். மற்றவற்றின் மருந்தைப் பொட்டலில் பரப்பி, தூர நின்று கொளுத்திவிடுவார்கள். காலிப் பெட்டிகள் ஏலத்துக்குப் போகும். அப்படி ஒன்றை எடுத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது கூடவே ரயிலில் கொண்டுவந்தார்.

"நல்ல பலகைடி. கரையான் தொடாது. சாமிக்கு வெச்சுக்க," என்றார். அவரே அறுத்து, அவரே ஆணி அடித்தார். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில், நெல் மூட்டை அடுக்குகிற சின்ன அறையில் அதை மாட்டினோம்.

"கிடங்கும் கோயில் மாதிரிதான்," என்று அடிக்கடி சொல்வார். செருப்பை வெளியில் விட வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். தீப்பெட்டியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். "கோயில்ல கற்பூரமாவது கொளுத்தலாம். அங்க அதுவும் கிடையாது," என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் போயிற்று. போன வருஷம் நாற்றங்கால் விட்ட சமயத்தில் அவருக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்தது. தஞ்சாவூரில் காட்டினோம். "இந்த மறதி கூடிக்கிட்டேதாம்மா போகும். நீங்கதான் பக்குவமா பாத்துக்கணும்," என்றார் டாக்டர். முருகா, நீயே துணை என்று வீட்டுக்கு வந்தேன்.

ஒரு சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். அந்த அறை வாசலில் அவர் குறுக்கே நின்றார்.

"நீங்க யாரு? பாஸ் இருக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை வாடி, போடி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றுதான் முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினார்.

"நான்தாங்க."

"யாரா இருந்தா என்ன? தீப்பெட்டியைக் கொடுங்க. உள்ள சரக்கு இருக்கு."

கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அங்கே இருந்த செம்புக் குடத்தைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டு உள்ளே போய், இருட்டில் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எல்லாச் சாயங்காலமும் அப்படித்தான். அடுப்பு எரிவதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். கேட்டால், "அது கேன்டீன்," என்பார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஏற்றினேன். எப்படித்தான் தெரிந்ததோ, எழுந்து ஓடிவந்து வெறுங்கையாலேயே சுடரை அமுக்கினார். சூடேறிய எண்ணெய் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டது. கொப்புளம் ஆறி வடு மாற ரொம்ப நாளாயிற்று. அதற்குமேல் ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை.

"அம்மா, அந்தப் பெட்டியை எடுத்துடுங்க. அதைப் பாக்குறதுனாலதான் அப்பாவுக்கு இந்த நெனப்பு," என்றான் சிங்கப்பூரில் இருக்கும் மகன். சரியென்று மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். அன்று அவர் சோறு தொடவில்லை. கட்டிலுக்கடியில், மூட்டை இடுக்கில், கோழிக் கூண்டில்கூடத் தேடினார். "ஒரு பெட்டி குறையுதுங்க. நான் எடுக்கலை. என்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொழுது சாய்வதற்குள் பெட்டியை மறுபடி மாட்டினேன். மருமகள் பேட்டரி விளக்கு ஒன்று அனுப்பினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேட்டரியைக் கழற்றி, "இதுவும் ஆகாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

இப்படியே கார்த்திகை வந்தது. தீபத்தன்று ஊரில் குப்பைமேட்டுக்குக்கூட ஒரு அகல் வைப்போம். என் ஓரகத்தி வாசலில் நின்றே கேட்டாள்: "என்னக்கா, ஊரே வெளக்கா இருக்கப் போவுது. உங்க வீடு மட்டும் எழவு வீடாட்டம் கெடக்கணுமா?"

அகல்களைக் கழுவிக் காயவைத்து, திரி போட்டு, எண்ணெய் ஊற்றி வரிசையாக வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எதிர்வீட்டு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வந்தார். வேதக்காரர்கள், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற வீடு.

"அக்கா, ஒண்ணை எடுத்துட்டு வந்து எங்க காம்பவுண்டுச் சுவத்து மேல ஏத்துங்க. உங்க வாசல்லேர்ந்து பாத்தா தெரியும்."

"உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்லப்போறாரு, டீச்சர்."

"அவரைக் கேட்டுக்கிட்டா நான் குடும்பம் நடத்துறேன்? எங்க மாதாவும் கோவிச்சுக்க மாட்டாங்க. வாங்க."

மழை விட்டிருந்தது. டீச்சரின் தீப்பெட்டியை வாங்கி ஏற்றினேன். டீச்சர் ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று உள்ளே போனார். தெருவைத் தாண்டி ஓடிவந்தேன். எங்கள் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு கொளுத்துனது?"

"மேலிடத்து உத்தரவுங்க," என்றேன். கார்த்திகையன்று பொய் சொன்னேன், சாமி மன்னிக்கட்டும்.

தெருவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கண்ணால் அளந்தார். "தூரம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

கும்பிட்டேன். எத்தனை மாசத்துக்குப் பிறகு நான் ஏற்றிய விளக்கு!

வயல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. சுடர் படுத்தது. கை வைத்து மறைத்தால் நின்றுவிடும், பத்தடி தூரம்தான். படி இறங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அந்த வடுப்பட்ட கையால்.

"போகாதீங்க. கொளுத்துன எடத்துக்குக் கிட்டப் போகக் கூடாது. தானா அடங்கணும்."

டீச்சரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் இவர் பதறுவார். பிடி இறுகிக்கொண்டே இருந்தது. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சுடர் ஒரு தடவை நிமிர்ந்தது. பிறகு இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணுங்க. பொகை அடங்கட்டும்," என்றார்.

நின்றோம்.