சூளகிரியில் கொஞ்சம் கடல்

குடுவையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டை மெல்ல ஒருமுறை சுழற்றுவாள். அடியில் படிந்திருந்த பச்சை புகைபோல எழுந்து பரவும். கௌசர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதனிடம் கேட்பாள்: "என்னாம்மா, ராத்திரி நல்லா இருந்தியா?" பதில் கிடைத்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த குடுவைக்குப் போவாள்.

சூளகிரித் தொழிற்பேட்டையில், கியர் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் நடுவே ஒடுங்கியிருக்கிறது அந்த ஆய்வுக்கூடம். கடலுக்குப் போக அங்கிருந்து அரைநாள் ஆகும். ஆனாலும் அங்கே வளர்வது கடல் பாசிதான். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத, கோடிக்கணக்கில் சேர்ந்தால் பச்சையாகத் தெரிகிற பாசி. கிழக்குக் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கிறவர்கள் அதை வாங்கிப்போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறார்கள். போர்வெல் தண்ணீரைச் சுத்திகரித்து, உப்புகளை அளந்து கலந்து, கடலைத் தயாரிக்கிறவள் கௌசர். நுண்ணுயிரியல் படித்தவள். நாற்பது வயதாகப் போகிறது.

கையைக் கழுவுவதற்கு முன் குழாயைக் கழுவுகிற ரகம். வெளியில் டீ குடிக்க நேர்ந்தால் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் குடிக்காமலே வைத்துவிடுவாள். கணவன் மன்சூர் ஓசூரில் ரோஜாப்பூ வியாபாரி. ஒரு கட்டுப் பூவோடு வீட்டுக்கு வந்தால், "அங்கியே நில்லுங்க, அதுல என்னென்னா மருந்து அடிச்சிருக்காங்களோ" என்று வாசலிலேயே மறித்துவிடுவாள். "ரோஜா வாசனையவிட இவளுக்குப் பினாயில் வாசனைதாங்க புடிக்கும்" என்பான் அவன், சிரித்துக்கொண்டே.

இரண்டு கோடைக்கு முன்புதான் தொல்லை ஆரம்பித்தது. கடல் வழக்கத்தைவிடச் சூடேறி, பொரிப்பகத் தொட்டிகளில் பாசி வெளுத்துப் போனது. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். முதலாளி கிருஷ்ணப்பன் கௌசரின் மேஜைக்கே வந்து நின்றார். "சூடு தாங்கற பாசி ஒண்ணு பண்ணிக் குடும்மா. இல்லேன்னா இத மூடிட்டு நானும் பக்கத்துல கியர் வேலைக்குத்தான் போவணும்."

கௌசருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சுத்தம். பாசியை ஒட்டி வாழும் பாக்டீரியாக்களை மருந்து போட்டும், திரும்பத் திரும்ப வடிகட்டியும் நீக்கினாள். மாதக்கணக்கில் உழைத்து, மாசுமறுவற்ற பாசியை எடுத்து வெப்பப் பெட்டிக்குள் வைத்தாள். வெளுத்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் வெளுத்தது.

ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால், வெளுத்த குடுவைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் விருதுநகர்க்காரர் அசோக்குமார் பக்கெட்டோடு வந்தார்.

"அக்கா, எல்லாத்தையும் கொட்டிரவா?"

"அத மட்டும் தொடாதீங்க."

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். ஒவ்வொரு பாசியைச் சுற்றியும் பாக்டீரியாக்கள் மொய்த்துக் கிடந்தன. மரக்காணம் பக்கத்துப் பொரிப்பகத்திலிருந்து ராஜலட்சுமி சோதனைக்கு அனுப்பியிருந்த கடல்நீர், எப்படியோ கௌசரின் கை வழியாகவே இதில் கலந்திருக்க வேண்டும். அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது.

"தொடச்சித் தொடச்சி வெச்சதெல்லாம் செத்துப்போச்சி. அழுக்குல கெடந்தது நிக்குது பாருங்க!"

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஆனால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டாள். பாக்டீரியாவைப் பிரித்தாள், பாசி சூட்டில் வெளுத்தது. திரும்பச் சேர்த்தாள்; தாக்குப்பிடித்தது. எத்தனை முறை செய்தும் அப்படியேதான். சூட்டில் தவிக்கும் பாசிக்குள் ஒரு விஷம் ஊறுகிறது; புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அந்தப் பெராக்சைடுதான். பாக்டீரியா அதை முறிக்கிறது. பதிலுக்கு, பாசி கசியவிடும் சர்க்கரையைத் தின்று பிழைக்கிறது.

"இவ ஆக்கிப் போடறா, அவன் வீட்டக் கழுவறான்" என்று கிருஷ்ணப்பனுக்கு விளக்கினாள். "கடல்ல யாரும் தனிக்குடித்தனம் இல்லீங்க. நாந்தான் பிரிச்சி வெச்சிப் பாத்துட்டேன்."

கூடவே இன்னொன்றையும் சொன்னாள். சூட்டை மேலும் ஏற்றியபோது அதே பாக்டீரியா பாசியையே தின்னத் தொடங்கியது. அந்த அளவைத் தாண்டினால் உறவு பகையாகிவிடுகிறது.

"அதையெல்லாம் சொன்னா வாங்குவாங்களாம்மா?"

"சொல்லாம குடுத்தா அடுத்த வருசம் வாங்க மாட்டாங்க சார். தொட்டிக்கு நிழல்வலை போடச் சொல்லுங்க. மீதிய இதுங்க பாத்துக்கும்."

உலகில் உருவாகும் ஆக்ஸிஜனில் ஏறக்குறையப் பாதி கடலின் நுண்ணுயிர்கள் தருவது. வகுப்பில் படித்தபோது அது கௌசருக்கு வெறும் மதிப்பெண். இப்போது கடல் சூடாகிறது என்று செய்தியில் வந்தால், சமையலை விட்டுவிட்டு வந்து நின்று கேட்கிறாள். "அங்கியும் இதே மாதிரி யாராவது யாருக்காவது கை குடுத்துட்டுதான் இருப்பாங்க" என்கிறாள் மன்சூரிடம். "ரொம்பச் சூடு ஏத்தாம நாம இருந்தா போதும்."

இந்தச் சித்திரையில் முதல் கேன்கள் மரக்காணம் போயின. வெயில் கொளுத்திய ஒரு வாரம் முழுக்க அங்கிருந்து தகவல் வரவில்லை. கௌசர் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் ராஜலட்சுமி அழைத்தாள்.

"கௌசரு, பச்ச நிக்குதும்மா! குஞ்சுங்க வயிறெல்லாம் பச்சையா தெரியுது!"

"தண்ணி என்னா சூடு இருக்குது?"

"நீ சொன்ன அளவுக்கு உள்ளதான். வல போட்டுட்டோம். இன்னும் வேணும், எப்ப அனுப்புவ?"

ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தாள் கௌசர். பொரிப்பகங்களிலிருந்து மறுபடி அழைப்புகள் வரத் தொடங்கின.

அடுத்த வண்டி வந்து நின்றபோது அசோக்குமார் கேன்களின் மேல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். சீட்டில் பாசியின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. கௌசர் அவரை நிறுத்தி, பேனாவை வாங்கினாள். கீழே இடமில்லை. ஓரத்தில், பொடி எழுத்தில், பாக்டீரியாவின் பெயரையும் எழுதினாள். எழுதிவிட்டு, மை காயும்வரை குனிந்து அதன்மேல் ஊதிக்கொண்டு நின்றாள்.