மச்சான் போலி என்று சொன்ன காசுகள்

புளி போட்டுத் தேய்த்த செம்புக் காசு வெயிலில் மின்னுவதை நினைத்தால் எனக்கு இன்றும் போலீஸ் பயம்தான். என் அக்காவின் கணவர், எங்கள் மச்சான், மதுரை கீழவாசல் பக்கம் செம்புப் பாத்திரக் கடை வைத்திருந்தார். பின்கட்டில் பட்டறையும் வீடும்; நான் அங்கே எடுபிடி. மணல் அள்ளுகிறவர்கள் வைகை மணலில் அகப்படும் பொடிக் காசுகளைப் பழைய செம்பு என்று எடைக்குக் கொண்டுவருவார்கள். மச்சான் அவற்றை உருக்க மாட்டார். ஈரவிரலால் தொட்டு, சாய்வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ராஜா தலையைச் சுற்றி எழுத்து இருந்தால் ரோமாபுரிக் காசு. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடாக இருந்தால், அந்தக் காலத்திலேயே அதைப் பார்த்து இங்கே எவரோ அடித்த போலி. பச்சைக் களிம்பை மட்டும் சுரண்டவே கூடாது, அதுதான் காசின் வயசைச் சொல்லும் என்பார்.

அக்காவோ செம்புக் கடைக்காரரின் மனைவி. களிம்பேறிய செம்பைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. ஒருநாள் அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் ஒரு பிடிக் காசைப் புளி போட்டுத் தேய்த்து முற்றத்தில் காயவைத்துவிட்டாள்.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். சில்லறைக்குத் தட்டுப்பாடு, கள்ளக்காசு நடமாடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மச்சான் திரும்பிவந்த சற்று நேரத்தில், கடை கடையாகச் சோதித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு எங்களிடமும் வந்தார். பட்டறையில் உலை, முற்றத்தில் பளபளவென்று காசு. அவருக்கு வேறென்ன வேண்டும்?

"என்ன பாய் இது?"

"பழைய காசுங்கய்யா. ஆத்துல கிடைச்சது."

"அம்புட்டும் அசலா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "பாதி போலிங்கய்யா" என்றார் மச்சான். பொய் சொல்லத் தெரியாத மனிதருக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று நொந்துகொண்டேன். கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்தார். கதவுக்குப் பின்னால் அக்கா அழுவது கேட்டது.

"யார் அடிச்சது?"

"நம்ம ஊர்க்காரனாத்தான் இருக்கணும். செத்து ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்ங்கய்யா."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மச்சான் கையை விடுவித்துக்கொண்டு, மின்னிய காசு ஒன்றை எடுத்துக் கட்டைவிரல்களால் அழுத்தினார். அது வளையக்கூட இல்லை. கான்ஸ்டபிள் மறுபடி நெருங்கினார். மச்சான் இன்னொன்றை எடுத்து அழுத்தினார். பொரித்த அப்பளம் போல முறிந்தது. உள்ளே செம்பே இல்லை. செங்கல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

"நேத்து அடிச்ச காசு இப்புடி உளுத்துப் போகுமாங்கய்யா?"

சப்-இன்ஸ்பெக்டரும் ஒன்றை எடுத்து முறித்துப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் வச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா விடவில்லை. "நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அவனுக்கும் ஒடிச்சுக் காட்டுவீகளா? எனக்கு நீங்க வேணும்."

அன்று மாலையே மச்சான் உலையை மூட்டி, அசலையும் போலியையும் ஒன்றாகப் போட்டார். நான்தான் துருத்தி ஊதினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் காலமாகி வெகுநாளாகிவிட்டது. போன மாதம் ஒரு காட்சிசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கோடு போட்ட காசுகளைக் கண்டேன். ரோமக் காசுகளைப் பார்த்து அக்காலத்தில் செய்த போலிகள் என்று கீழே எழுதியிருந்தது. கண்ணாடியில் கை வைத்துக் குனிந்தேன்.

"தள்ளி நில்லுங்க பெரியவரே, யாரும் தொடக் கூடாது" என்றார், அவற்றுக்குக் காவல் நின்ற போலீஸ்காரர்.