கதவு பூட்டும் சத்தம் வரை

2023 அக்டோபர் 18, புதன்கிழமை, காலை ஆறு ஐம்பது. வானம் மூடியிருந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. கடலோரத்திலேயே சட்டை முதுகில் ஒட்டியது. பெசன்ட் நகரில் நான் நடந்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் என் மகள் நடந்துகொண்டிருந்தாள். அங்கே செவ்வாய் இரவு ஒன்பது இருபது.

மேல்படிப்புக்குப் போன முதல் மாதமே, நூலகத்திலிருந்து அறைக்குத் திரும்பும் வழியில் இரண்டு பேர் அவள் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கிளம்பும்போதெல்லாம் என்னை அழைப்பாள். பன்னிரண்டு நிமிட நடை. பாதி வழி மரங்கள், வெளிச்சம் குறைவு. போனில் பேசிக்கொண்டே போகிறவளை நெருங்க எவனும் யோசிப்பான் என்பது அவள் எண்ணம். அவள் அறைக்கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு சீராக வராது.

பேசத்தான் விஷயம் இல்லை. மாத்திரை இருக்கிறதா, கழுத்தை மூடிக்கொண்டாயா என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அவளே வழி சொன்னாள்: "அப்பா, அட்வைஸ் வேண்டாம். அங்க என்ன தெரியறதோ அதைச் சொல்லு." சொன்னேன். எண்ணுவது என் சுபாவம்.

"இன்னிக்கு நாய் எத்தனை?"

"பதினேழு."

"நேத்து பத்தொம்பதுன்னியே. ரெண்டு எங்க போச்சு?"

"லீவு."

அங்கே இருட்டில் அவள் சிரிப்பாள். இங்கே வெயில் ஏற ஆரம்பிக்கும். என் வாழ்க்கையில் அவளோடு அவ்வளவு பேசியது அந்த இரண்டு வருடங்களில்தான்.

அன்று நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. விழுந்தேன். போன் தள்ளிப் போய் விழுந்து, "அப்பா? அப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தது.

சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்து என்னை உட்கார வைத்தாள். "இன்னா சார், போன்ல பேசிக்கினே போனா பள்ளம் தெரியுமா?" என்று திட்டிக்கொண்டே போனை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, கால் லேசா பிசகிடுத்து. நீ நட," என்றேன்.

"மாட்டேன். நீ எழுந்து நில்லு முதல்ல."

என் மகள் நின்றிருந்தது மரங்கள் அடர்ந்த அந்தப் பாதி வழியில். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் குரல் நடுங்கியதைக் கேட்டு அவள் இன்னும் பயந்தாள். மீன்காரம்மா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யாரு, பொண்ணா? எங்க கீற நீ?"

"அமெரிக்கால, ஆன்ட்டி. அப்பாவுக்கு ரத்தம் வருதா?"

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால் வீங்கினு கீது. நான் ஆட்டோ வச்சு இட்டுனு போறேன். ராத்திரில நடுரோட்டுல இன்னா வேலை உனக்கு? நட, நான் பேசிக்கினு வரேன்."

காலடிச் சத்தம் கேட்டது. நடந்தாள்.

"இன்னா துன்ன?"

"பிரெட்."

"மீன் துன்ன மாட்டியா?"

"எங்க வீட்ல யாருமே சாப்பிட மாட்டோம், ஆன்ட்டி."

"அதான் உங்கப்பா எலும்பு இந்த லட்சணத்துல கீது."

என் மகள் சிரித்துவிட்டாள். அதற்குள் ஒருவர் வந்து சங்கரா என்ன விலை என்று கேட்டார். "இருய்யா, பொண்ணு வூட்டுக்குப் போய்க்கினு கீது," என்று அவரை நிறுத்தி வைத்தாள். அவரும் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம். பூட்டு விழுந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அப்புறம்தான் எனக்குக் கால் வலிக்கவே ஆரம்பித்தது.

அவள் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது வேலை; வெளிச்சம் இருக்கும்போதே காரில் திரும்பிவிடுகிறாள். காலையில் எனக்கு அழைப்பு வருவதில்லை. இப்படி ஆக வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொண்டேன். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கடற்கரையில் நடப்பது இன்னும் பழகவில்லை.

இரண்டு வருடமும் தவறாமல் அவளுக்கு மருத்துவக் காப்பீடு கட்டினேன். ஒரு தும்மலுக்குக்கூட அவள் டாக்டரிடம் போகவில்லை. எலும்பில் கீறல் விழுந்தது காப்பீடே இல்லாத எனக்கு. டாக்டர், எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மாத்திரை, போனுக்குப் புதுக் கண்ணாடி. ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தாள் என்று மீன்காரம்மாவிடம் நான்கு முறை கேட்டும் அவள் சொல்லவில்லை. அது நீங்கலாக, ஏழாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய்.