அன்சார் காக்கா வாங்கிய கிராபிக்ஸ் கார்ட்

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டது. தகப்பன் பெயரோடு முழுப்பெயரையும் வாசித்ததால் யாரோ என்று இருந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்தான் எட்டிப் பார்த்து, "தம்பி, அது உங்கட எடிட்டிங் அன்சார் காக்காவாம்" என்றார். கல்முனையில் பாதிக் கல்யாணங்களை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுத்த மனிதர், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடியே மாரடைப்பில் போய்விட்டார்.

மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும். அவருடைய ஸ்டூடியோவில் கெமராக்காரனாக இருந்த நான், நல்லதைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். கைதேர்ந்த வேலைக்காரர், தொழுகையை விடாதவர். இரக்கம் இருந்தது என்று மட்டும் என் வாயால் சொல்ல முடியாது. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கும் அது தெரியும்.

சுனாமிக்குப் பிறகு, படமெல்லாம் வீட்டோடு போனவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார்கள். பாலமுனையிலிருந்து வந்த ஒருவர், ஒரு கல்யாண சீடியைக் கொடுத்து, கூட்டத்தில் மங்கலாகத் தெரிந்த தன் மகனின் முகத்தைத் தெளிவாக்கித் தரச் சொன்னார். கடல் கொண்டுபோன மகன். அன்சார் காக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இது கொம்பியூட்டர், காக்கா; தர்கா இல்ல. இல்லாத மொகத்த நான் எங்கால கொண்டு வாற?" என்றார். அந்த மனிதர் சீடியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அதே அலையில் அவருடைய மகள் ஸீனத்தும் போயிருந்தாள். ஆறு வயது. ஊரையே படம் பிடித்தவர் வீட்டில் கெமராவைத் தூக்கியதில்லை. "சோறு போடுற சாமான், வெளயாட்டுச் சாமான் இல்ல" என்பார். இருந்த ஒன்றிரண்டு போட்டோக்களும் தண்ணீரோடு போயின. கல்யாண வீடியோக் கெசட்டுகளில் தேடலாமென்றால், சீடியைக் கொடுத்த கையோடு அதே கெசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். எத்தனை மணப்பெண்களின் மேல் எத்தனை மாப்பிள்ளைகளைப் பதிந்தோமோ தெரியாது.

அழியாமல் ஒரேயொரு கெசட் கிடைத்தது. கடலோரத்து வீடொன்றில் நடந்த கல்யாணம். அலைக்குப் பிறகு வீட்டாரில் ஒருவரும் மிஞ்சவில்லை; சீடி கேட்டு யாரும் வராததால் கெசட் தப்பியது. அதில் நீலச் சட்டை போட்ட ஒரு சிறுமி மஸ்கட் இனிப்புத் தட்டோடு தூரத்தில் திரும்புகிறாள். முகம் வெறும் மங்கல். அது ஸீனத்தேதான் என்று காக்கா முடிவு செய்துவிட்டார். அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்று அழைப்பவர், ஒருமுறையாவது காட்டச் சொல்லிக் கெஞ்சினார். "தெளிவாகட்டும், புறகு காட்டுறன்" என்று வருடக்கணக்கில் இழுத்தடித்தார்.

உள்நாட்டுச் சண்டை முடிந்து, சோதனைச் சாவடிகளில் பொதியை அவிழ்த்து இது குண்டில்லை என்று விளக்கும் பாடு குறைந்ததும், கொழும்புக்குப் போய்ப் பெரிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த காட்சிகளைச் சேர்த்து மங்கலைக் குறைக்கும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. பழைய கணினியில் அதைத் திறந்தாலே எல்லாம் நின்றுவிடும். கார்ட் கணினிப் பெட்டிக்குள் அடங்கவில்லை. உள்ளே இருந்த தகட்டை இரும்பறுக்கும் வாளால் அறுத்தார். பழைய பவர் சப்ளை தாங்காது என்று அதையும் மாற்றினார். சூடு தணிய, பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து மேசை விசிறியைத் திருப்பி வைத்தார்.

"தர்கா இல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க காக்கா?" என்று கேட்டேன்.

"நீ கெமராவப் புடி. கதைக்காத."

ராத்தாவை அழைத்துவந்து கதிரையில் உட்கார வைத்தார். கார்ட் நன்றாகவே வேலை செய்தது; அதுதான் கொடுமை. சிறுமி மெல்லத் திரும்பினாள். கன்னமும் காதும் திரை நிறைய வந்தன. ராத்தா குனிந்து பார்த்தார்.

"இது நம்மட ஸீனத் இல்ல."

"வடிவாப் பாரு புள்ள."

"பெத்தவளுக்குத் தெரியாதா? பொறந்த நாப்பதாம் நாளே அவக்குக் காது குத்தின. இந்தப் புள்ளைக்குக் காதே குத்தல்ல."

ராத்தா எழுந்து நின்று, "இதுட உம்மாவும் ஒரு படத்துக்கு ஏங்கிக்கிட்டிருப்பா. தேடிக் குடுத்திருங்க" என்றார்.

காக்கா கொடுக்கவில்லை. தினமும் வேலை தொடங்குமுன் அந்தக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் விசாரிப்போம் என்றேன். "எனக்குக் கிடைக்கல்ல. அவனுகளுக்கும் கிடைக்கத் தேவல்ல" என்றார். அன்று அவரை நான் மனதார வெறுத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரை வெறுக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் ராத்தா என்னைக் கூப்பிட்டு ஸ்டூடியோச் சாவியைத் தந்தார். "அந்தப் புள்ளைய வெளிய உடுங்க தம்பி" என்றார்.

அன்சார் காக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது யாரோ பெற்ற இந்தப் பிள்ளைதான். அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்கள் உங்களில் இருப்பார்கள். நீலச் சட்டை, காது குத்தவில்லை, கையில் மஸ்கட் தட்டு. உங்கள் பிள்ளையாக இருந்தால் வந்து பாருங்கள். முகம் நல்ல தெளிவாக இருக்கிறது.